பெட்டியில் 4 டிபி, விண்டோஸில் 3.63 டிபி: எதை நம்பி டிஸ்க் வாங்குவது?

வேலன்_கத்ர்போர்ன்:

வணக்கம். மொரீஷியஸில் எங்கள் கோயில் தைப்பூசக் காவடி, தீமிதி, தேர் ஒளிப்பதிவுகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில், 6 டிபி மேசை டிஸ்க் ஒன்றில் இருக்கின்றன. விண்டோஸில் அந்த ஃபோல்டரின் பிராபர்ட்டீஸ் 3.70 டிபி என்கிறது. இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளலாம் என்று 4 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி, விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து, விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் போட்டேன். கடைசி நேரத்தில் பிழை 112, டிஸ்கில் இடமில்லை என்று நின்றுவிட்டது. புது டிஸ்கைப் பார்த்தால் மொத்தமே 3.63 டிபி.

கடையில் கேட்டதற்கு “ஃபார்மட்டுக்குப் பத்து சதவீதம் போய்விடும், எல்லா டிஸ்கும் அப்படித்தான்” என்கிறார்கள். வீடியோ வெட்டி ஒட்டும் தம்பி தன் மேக்கில் இரண்டையும் செருகிப் பார்த்தார். அதில் புது டிஸ்க் சரியாக 4 டிபி. ஆனால் அதே ஃபோல்டர் 4.07 டிபி! மேக் உள்ளே 370 ஜிபி எதையாவது எழுதிவிட்டதா? எந்த எண்ணை நம்புவது? அடுத்து என்ன அளவு வாங்கினால் இந்தச் சிக்கல் வராது?

---

கணி_போர்லூயி:

வேலன், யாரும் ஏமாற்றவில்லை, மேக்கும் எதையும் எழுதவில்லை. என்டிஎஃப்எஸ் டிஸ்கை மேக் படிக்க மட்டும்தான் செய்யும். கூடுதல் மென்பொருள் போடாமல் அதில் எழுதவே முடியாது. நீங்கள் பார்த்த நாலு எண்களும் சரி. இரண்டு வேறு அலகுகளுக்கு விண்டோஸ் ஒரே பெயரை எழுதுவதால் வந்த வினை.

டிஸ்க் பெட்டியில் அச்சிடும் டெராபைட் என்பது 1,000,000,000,000 பைட். பத்தின் அடுக்கு. விண்டோஸ் கணக்குப் போடுவது 1024 பைட், அதைப்போல் 1024 மடங்கு என்று நாலு முறை பெருக்கி வரும் 1,099,511,627,776 பைட்டை வைத்து. இந்த இரண்டாவது அலகுக்கு டெபிபைட் என்று தனிப் பெயர் உண்டு. கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட், டெபிபைட் என்ற இந்த வரிசையை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 டிசம்பரிலேயே ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் கணக்கை டெபிபைட்டில் போட்டுவிட்டு, பக்கத்தில் டிபி என்றே எழுதுகிறது. மீட்டர் கோலால் அளந்துவிட்டு சீட்டில் கெஜம் என்று எழுதினால் எப்படியோ அப்படி. 4 கெஜம் துணி 3.66 மீட்டர், துணி குறையவில்லை, சீட்டில் உள்ள அலகுதான் தப்பு. தற்செயலாக விகிதமும் கிட்டத்தட்ட அதேதான்: ஒரு கெஜம் 0.914 மீட்டர், ஒரு டெராபைட் 0.909 டெபிபைட்.

உங்கள் டிஸ்கின் உண்மையான அளவு என்ன? 4 டிபி டிஸ்குகள் வழக்கமாக 512 பைட் செக்டார் (டிஸ்கை எண்ணும் மிகச் சிறிய துண்டு) 7,814,037,168 கொண்டவை. பெருக்கினால் 4,000,787,030,016 பைட். சொன்ன நாலு லட்சம் கோடிக்கு மேலேயே கொஞ்சம் இருக்கிறது. இதை 1,099,511,627,776-ஆல் வகுத்தால் 3.638. விண்டோஸ் மூன்று இலக்கத்தோடு வெட்டிவிடும், முழுமையாக்காது, அதனால் 3.63. லினக்ஸ் அதையே 3.64 என்று முழுமையாக்கிக் காட்டும். இந்த 0.01 வித்தியாசத்துக்கும் பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை.

இப்போது ஃபோல்டர். 3.70 டெபிபைட் என்றால் குறைந்தது 4,068,193,022,771 பைட். மேக் இதைப் பத்தின் அடுக்கில் 4.07 என்று சொல்கிறது. (ஆப்பிள் 2009-இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து டிஸ்க், கோப்பு இரண்டையும் ஆயிரத்தின் அடுக்கிலேயே காட்டுகிறது. பெட்டியோடு ஒத்துப்போவது அதனால்தான்.) ஆக, 4.07 உள்ளதை 4.00-க்குள் வைக்கப் பார்த்திருக்கிறீர்கள். பெட்டியில் இருந்த 4-ஐயும் விண்டோஸின் 3.70-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட்டதுதான் தடுமாற்றம். அலகு ஒன்றாக இருந்தால் மட்டுமே ஒப்பிடலாம்.

ஃபார்மட்டுக்குப் பத்து சதவீதம் போகும் என்பதை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இந்த டிஸ்கில் 4096 பைட் கிளஸ்டர் (கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகு) ஏறக்குறைய 97 கோடியே 67 லட்சம். எது காலி, எது நிரம்பியது என்று குறித்துவைக்க என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஒரு கிளஸ்டருக்கு ஒரு பிட் வேண்டும். அது சுமார் 122 மெகாபைட். அதோடு பதிவேடு, கோப்பு அட்டவணை, ஒதுக்கப்பட்ட சின்ன பார்ட்டிஷன் எல்லாம் சேர்த்தாலும் காலி டிஸ்கில் சில நூறு மெகாபைட்தான். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மீதி முழுவதும் அலகு மாற்றம்.

இன்னொன்று: இந்த இடைவெளி அலகு ஏற ஏறக் கூடும். கிலோவில் 2.4 சதவீதம், மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் 9.95. ஃப்ளாப்பி காலத்தில் யாருக்கும் கண்ணில் படாதது இப்போது 370 “ஜிபி” காணோம் என்று தெரிவதற்கு இதுதான் காரணம். அந்த 1.44 எம்பி ஃப்ளாப்பியோ இரண்டையும் கலந்த கணக்கு: 1440 மடங்கு 1024, அதாவது 1,474,560 பைட். எந்த முறைப்படி பார்த்தாலும் அது 1.44 வராது.

வாங்கும்போது மனதில் வைக்க வேண்டியது: விண்டோஸ் காட்டும் டிபியை 1.1-ஆல் பெருக்குங்கள், பெட்டியில் இருக்க வேண்டிய எண் வரும். ஜிபியில் காட்டினால் 1.074-ஆல். உங்கள் 3.70 கிட்டத்தட்ட 4.07, 4 போதாது, 5 வேண்டும். 5 டிபி டிஸ்க் விண்டோஸில் 4.54 என்று தெரியும், 6 என்றால் 5.45, 8 என்றால் 7.27. இந்த எண்கள் வந்தால் டிஸ்க் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரியான கணக்கு வேண்டுமென்றால் டிபி, ஜிபி எதையும் பார்க்காதீர்கள். பிராபர்ட்டீஸ் பெட்டியில் 3.70 டிபிக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குள் முழு பைட் எண் இருக்கும். அதை எழுதி இங்கே போடுங்கள். ரோபோகாப்பியிலேயே பார்க்கலாம்: நகலெடுக்காமல் பட்டியல் மட்டும் போடும் ‘எல்’ சுவிட்ச், உள் ஃபோல்டர்களுக்கு ‘ஈ’, முழு எண்ணுக்கு ‘பைட்ஸ்’, திரை நிரம்பாமல் இருக்க ‘என்எஃப்எல்’, ‘என்டிஎல்’. கடைசிச் சுருக்கத்தில் மொத்த பைட் வரும். ‘பைட்ஸ்’ போடாவிட்டால் அதுவும் 1024 கணக்கில் சுருக்கித்தான் சொல்லும். நகலெடுக்கும்போது மறுமுயற்சி எண்ணிக்கையை 1 அல்லது 2 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் ரோபோகாப்பி 30 விநாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயலும், இரவு முழுக்க ஓடியும் ஒன்றும் நடந்திருக்காது.

---

குமரன்_செந்தெனி:

ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். இங்கே கடையில் பெட்டிமேல் ‘4 டிஓ’, ‘500 ஜிஓ’ என்று பிரெஞ்சில் இருக்கும். அந்த ‘ஓ’ ஒக்தே, நம் பைட்தான். மொரீஷியஸில் பிரெஞ்சு விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் திரையில் இதுவே வரும். ஆனால் அதுவும் 1024-ஆல் வகுத்துவிட்டு ‘டிஓ’ என்று போடும் விஷயத்தில் ஆங்கில விண்டோஸைப் போலத்தான். மொழியை மாற்றினால் எண் மாறாது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ஒரே கணினியில் ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வொரு கணக்குப் போடும். டிஸ்கின் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையில் சின்ன ‘எச்’ போட்டால் 1024, பெரிய ‘எச்’ போட்டால் 1000. ஃபோல்டர் அளவைக் காட்டும் டியூ சின்ன ‘எச்’சோடு 1024, ‘எஸ்ஐ’ என்று சேர்த்தால் 1000. டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே 1024-இல் காட்டும், ‘பி’ சேர்த்தால் முழு பைட். பார்ட்டிஷன் போடும் பார்ட்டெட் மட்டும் ஆயிரத்தில்: உங்கள் டிஸ்கை அது 4001ஜிபி என்று சொல்லும். அதே கணினியின் கோப்பு மேலாளர் ஜன்னலும் பெரும்பாலும் ஆயிரத்தில். ஒரே டிஸ்க் ஒரே மேசையில் 3.7டி, 4.1டி, 4001ஜிபி என்று மூன்று விதமாகத் தெரிந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. (3.7, 4.1 ஏன் என்றால், டிஎஃப் எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்கும்.)

டிஸ்கை அப்படியே பிம்பக் கோப்பாக எடுக்கும் டிடி கட்டளையில் இன்னும் நுணுக்கம்: பிளாக் அளவு ‘1எம்’ என்றால் 1,048,576 பைட், ‘1எம்பி’ என்றால் சரியாக 1,000,000. அந்த ஒரு ‘பி’ விட்டுப்போனால் பிம்பக் கோப்பின் அளவு மாறிவிடும்.

லினக்ஸின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4-இல் இன்னொரு “காணாமல் போன” இடம் உண்டு, அது அலகுச் சிக்கல் அல்ல, நிஜமானது. ஃபார்மட் செய்யும்போது 5 சதவீதத்தை ரூட்டுக்கு (கணினியின் நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கிவைக்கும். 4 டிபியில் அது 200 ஜிபி. டிஎஃப்பில் மொத்தத்திலிருந்து பயன்படுத்தியதைக் கழித்தால் ‘மீதி’யோடு ஒத்துவராதது இதனால்தான். இயங்குதளம் இல்லாத, பதிவுகள் மட்டும் வைக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளையில் ‘எம் 0’ கொடுத்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இயங்குதளம் உள்ள டிஸ்கில் செய்ய வேண்டாம்.

---

யமுனா_வாக்கோவா:

வேலன் அண்ணே, அளவைப் பிறகு பார்ப்பதைவிட ஒளிப்பதிவுக்கு முன்னாலேயே கணக்குப் போடுவது நல்லது. கேமரா பிட்டில் பேசும், டிஸ்க் பைட்டில் பேசும். எட்டால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 50 மெகாபிட் என்று வைத்தால் 6.25 மெகாபைட், மணிக்கு 22.5 ஜிபி. 4கே என்று 100 மெகாபிட் வைத்தால் மணிக்கு 45 ஜிபி. கேமராவும் இணைய இணைப்பும் ஆயிரத்தின் அடுக்குதான், அதனால் இந்தக் கணக்கு நேராகப் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகும்: 4 டிபியில் 50 மெகாபிட்டில் சுமார் 177 மணி நேரம், 100 மெகாபிட்டில் 88 மணி நேரம். ஒலித்தடம், கோப்புத் தலைப்பு எல்லாம் சேர்ந்து சற்றுக் குறையும்; 5 சதவீதம் கழித்துத் திட்டமிடுங்கள்.

மேகத்தில் ஏற்றும்போதும் இதே தவறு நடக்கிறது. மேலேற்றும் வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால் உண்மையான 1 டெராபைட்டுக்கு 400,000 விநாடி, 111 மணி. விண்டோஸ் “1 டிபி” என்று சொல்லும் ஃபோல்டரோ 122 மணி எடுக்கும். அரை நாள் வித்தியாசம்.

மெமரி கார்டு 32 ஜிபி வரை எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறை என்பதால் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டுக்கு மேல் போகாது. பூசை நடுவே கேமரா கோப்பைத் துண்டாக்குவது அதனால்தான், கார்டில் கோளாறு இல்லை. அந்தத் துண்டு மேக்கில் 4.29 ஜிபி, விண்டோஸில் 3.99 ஜிபி. இரண்டும் ஒரே கோப்புதான். “வேறு அளவாக இருக்கிறதே” என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

மேக்கும் விண்டோஸும் எழுத வேண்டும் என்று புது டிஸ்கை, இரண்டிலும் ஓடும் கோப்பு முறையான எக்ஸ்ஃபேட்டாக மாற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம். 32 ஜிபிக்கு மேல் விண்டோஸ் அதற்கு 128 கிபிபைட் கிளஸ்டர் வைக்கும். ஒரு கேபி குறிப்புக் கோப்புகூட 128 கேபியைப் பிடிக்கும். பெரிய வீடியோவுக்குப் பாதிப்பே இல்லை. ஆனால் படங்கள், சிறு கோப்புகள் இரண்டு லட்சம் இருந்தால், ஒவ்வொன்றிலும் சராசரி அரைக் கிளஸ்டர் வீணாகி, மொத்தம் 12 ஜிபிபைட் போகும். பிராபர்ட்டீஸில் ‘அளவு’, ‘டிஸ்கில் அளவு’ என்று இரண்டு வரிகள் இருப்பது இதைக் காட்டத்தான். வாங்கும் கணக்குக்கு இரண்டாவதைப் பாருங்கள்.

---

வேலன்_கத்ர்போர்ன்:

பைட் எண் இதோ: 4,071,806,418,944. எல்லாம் வீடியோ, சிறு கோப்புகள் மிகக் குறைவு.

இன்னொரு சிக்கல். 4 டிபி டிஸ்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, கோயில் அலுவலகத்தில் உள்ள பழைய யுஎஸ்பி டாக்கில் (டிஸ்கைச் செருகிக் கணினியோடு இணைக்கும் தாங்கி) செருகினால் 1.63 டிபி என்று காட்டுகிறது. விண்டோஸ் “டிஸ்கை இனிஷியலைஸ் செய்யவா” என்று கேட்கிறது. இதுவும் அலகு மாற்றமா?

---

கணி_போர்லூயி:

இல்லை. இனிஷியலைஸுக்குச் சரி என்று சொல்லாதீர்கள், முதலில் டிஸ்கைக் கழற்றுங்கள். எழுதினால் ஏற்கெனவே நகலெடுத்தது கைவிட்டுப் போகலாம்.

அலகு மாற்றத்தில் ஒரு அடையாளம் உண்டு: டெராவில் எப்போதும் 0.91 மடங்கு, ஜிகாவில் 0.93 மடங்கு. அந்த விகிதத்தில் இல்லாத எண் வந்தால் வேறு நோய். உங்கள் டாக்கின் சிப் செக்டார் எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கிறது. 32 பிட்டில் 4,294,967,296 செக்டார்தான் எண்ண முடியும். 512-ஆல் பெருக்கினால் 2,199,023,255,552 பைட், சரியாக 2 டெபிபைட். அதற்கு மேல் போனதும் எண்ணி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 4,000,787,030,016-இலிருந்து அதைக் கழித்தால் 1,801,763,774,464. விண்டோஸ் கணக்கில் 1.63 டிபி. உங்கள் எண் அச்சு அசலாக அதேதான். அந்த டாக்கில் 2 டிபி டிஸ்க் வரை மட்டும் போடுங்கள்.

இதற்கு ஒரு உறவுக்காரச் சிக்கல் பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை. டிஸ்க் மேனேஜ்மென்டில் 2048.00 ஜிபி ஒரு துண்டாகவும் 1678.02 ஜிபி பயன்படுத்த முடியாத துண்டாகவும் தெரிந்தால் டிஸ்க் எம்பிஆரில் இருக்கிறது என்று பொருள். ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணைக்கு மாற்றினால் முழுவதும் வரும். டிஸ்க் மேனேஜ்மென்டில் மாற்றுவதானால் எல்லாப் பார்ட்டிஷனையும் முதலில் அழிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மூன்றாவது வகையும் உண்டு: சில வெளிப்பெட்டிகள் 4096 பைட் செக்டார் என்று கணினியிடம் சொல்லி, எம்பிஆரிலேயே 16 டெபிபைட் வரை ஓட்டும். அந்த டிஸ்கைக் கழற்றி நேரடியாகத் தாய்ப்பலகையில் மாட்டினால் பார்ட்டிஷன் தெரியாது. அதனால் டிஸ்கை எந்தப் பெட்டியில் ஃபார்மட் செய்தீர்களோ அந்தப் பெட்டியிலேயே மறுபடி வைத்துப் படியுங்கள்.

உங்கள் பைட் எண்ணுக்கு: 4,071,806,418,944-இலிருந்து 4,000,787,030,016 கழித்தால் 71,019,388,928. குறைவது 71 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 66.1. யமுனா சொன்ன 50 மெகாபிட் கணக்கில் மூன்று மணிக்குச் சற்று மேலான வீடியோ. என்டிஎஃப்எஸ்ஸின் சொந்தச் செலவையும் சேர்த்து 75 ஜிபி ஒதுக்குங்கள். இந்த டிஸ்கையே வைத்துக்கொள்ள வேண்டுமானால், ஒரு திருவிழாவின் ஃபோல்டரை 128 ஜிபி எஸ்எஸ்டியில் (விண்டோஸில் 119) தனியாக வைத்தால் போதும். ஆனால் அடுத்த தைப்பூசத்துக்கு அதுவும் நிரம்பும். 4.07 உள்ளவருக்கு 8 வாங்குவதே என் யோசனை. தைப்பூசம் இங்கே புயல் காலத்தில்தான் வருகிறது என்பதால், இரண்டு பிரதிகளையும் ஒரே கட்டடத்தில் வைக்கவும் வேண்டாம்.

---

வேலன்_கத்ர்போர்ன்:

சரி, 8 டிபி இரண்டு வாங்கி ரெய்டு 1-ஆக (இரண்டு டிஸ்கிலும் ஒரே பதிவு) ஒரு லினக்ஸ் கணினியில் போடலாம் என்றிருக்கிறோம். பின்னால் ஒன்று பழுதானால் வேறு பிராண்ட் 8 டிபி போட்டால் பொருந்துமா? அளவு சற்றுக் குறைந்தால்? கணினிக்கு 16 ஜிபி ராம் வாங்குகிறோம், அதிலும் 7 சதவீதம் குறையுமா?

---

குமரன்_செந்தெனி:

ராமில் குறையாது. ராம் முகவரிக் கம்பிகளால் எண்ணப்படுவது. ஒரு கம்பி கூடினால் இடம் இரட்டிப்பாகும். அதனால் 16 ஜிபி ராம் என்பது 17,179,869,184 பைட். விண்டோஸிலும் 16 என்றே வரும். கிராபிக்ஸுக்கு ஒதுக்கியதால் ‘15.8 பயன்படும்’ என்று காட்டினால் அது வேறு கணக்கு. டிஸ்குக்கு அப்படி இரண்டின் அடுக்கில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. செக்டார் ஒன்றுதான் 512 அல்லது 4096. தட்டில் எத்தனை செக்டார் என்பது தட்டின் பரப்பைப் பொறுத்தது. 1956-இல் வந்த ஐபிஎம்மின் முதல் டிஸ்க்கூட 50 லட்சம் எழுத்து என்று பத்தின் அடுக்கில்தான் சொல்லப்பட்டது. டிஸ்க் தயாரிப்பவர்களை இந்த விஷயத்தில் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. பெயரை மாற்ற வேண்டியது திரையில் எழுதுகிறவர்கள்.

ரெய்டுக்கு: இப்போதைய வன்தட்டுகளில் செக்டார் எண்ணிக்கைக்குத் தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொண்ட வாய்பாடு இருக்கிறது. ஜிபி அளவிலிருந்து 50 கழித்து, 1,953,504-ஆல் பெருக்கி, 97,696,368 கூட்டினால் 512 பைட் செக்டார் எண்ணிக்கை. 8000-க்குப் போட்டால் 15,628,053,168 செக்டார், 8,001,563,222,016 பைட். இதைப் பின்பற்றும் பிராண்டுகள் எல்லாம் செக்டார் பிசகாமல் ஒன்றாக இருக்கும். எஸ்எஸ்டியில்தான் சிக்கல்: 480, 500, 512 மூன்றும் கடையில் “அரை டிபி” என்றே விற்கப்படும், 512 இருந்த இடத்தில் 500 ஏறாது.

மாற்றிப் போடும் டிஸ்க் ரெய்டுக்குத் தேவையான அளவைவிடக் குறைந்தால் லினக்ஸின் ரெய்டு கட்டளையான எம்டிஅட்ம் ஏற்றுக்கொள்ளாது, சிறியது என்று தள்ளிவிடும். அதனால் முழு டிஸ்கைக் கொடுக்காமல், ஜிபிடி பார்ட்டிஷன் ஒன்று போட்டு, கடைசியில் ஒரு ஜிபிபைட் விட்டுவிட்டுக் கொடுங்கள். பார்ட்டெட்டில் அளவை ‘ஜிபி’ என்று கொடுத்தால் ஆயிரம், ‘ஜிஐபி’ என்று கொடுத்தால் 1024. 8,001,563,222,016 பைட் என்பது 7452.04 ஜிபிபைட், முடிவை 7451 ஜிஐபி என்று வையுங்கள். தொடக்கம் 1 எம்ஐபி. இரண்டு டிஸ்கிலும் எல்எஸ்பிஎல்கே ‘பி’ போட்டுப் பார்ட்டிஷனின் பைட் எண் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு அதற்குப் பிறகு ரெய்டைக் கட்டுங்கள்.